ஒரு சுவிட்ச், இரண்டு இயந்திரங்கள்

மாணவர்களே, இரண்டு இயந்திரங்கள் கொண்ட சிறிய விமானத்தின் விமானி அறையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முன்னால் வட்ட வட்டமான அளவுமானிகள். நடுவில் இரண்டிரண்டாக நெம்புகோல்கள். ஓர் ஓரத்தில் வரிசையாகச் சில சுவிட்சுகள். அந்த வரிசையில் இரண்டு சுவிட்சுகள் எரிபொருள் பம்புகளுக்கு உரியவை. இடது இயந்திரத்துக்கு ஒன்று, வலது இயந்திரத்துக்கு ஒன்று. நம் வீட்டு விசிறிச் சுவிட்சைவிடப் பெரியவை அல்ல.

சில விமானங்களில், ஓடுபாதையை விட்டு எழும்பும்போது இந்தச் சுவிட்சுகளைப் போட்டிருக்க வேண்டும் என்று விமானக் கையேடு சொல்கிறது. வேறு சில விமானங்களில், அதே நேரத்தில் தவறான நிலையில் போட்டால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் நின்றுவிடலாம். ஒரு சுவிட்ச் எப்படி இரண்டு விதமாகவும் நடந்துகொள்ள முடியும்? இதற்கு விடை தேட நமக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. படிவம் 5 இயற்பியல் நூலில் உள்ள 'அழுத்தம்' பாடமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

எரிபொருள் எப்படி வந்து சேர்கிறது?

இன்றும் பெரும்பாலான சிறிய பிஸ்டன் விமானங்கள் பெட்ரோல் வகை எரிபொருளில்தான் ஓடுகின்றன. அதை 'அவ்காஸ்' என்பார்கள். அது இறக்கைக்குள் இருக்கும் தொட்டிகளில் நிரப்பப்படுகிறது.

சில சிறிய விமானங்களில் இறக்கை விமானத்தின் தலைக்கு மேல் இருக்கும். செஸ்னா 172 அப்படிப்பட்டது. தொட்டி உயரத்திலும் இயந்திரம் தாழ்விலும் இருப்பதால் பெட்ரோல் தானாகவே இறங்கி வரும். தாமான் வீடுகளில் கூரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து சமையலறைக் குழாய்க்குத் தண்ணீர் வருகிறதே, அதே கதைதான்.

ஆனால் பைப்பர் செனிக்கா, பைப்பர் செமினோல், பீச்கிராஃப்ட் பாரோன் போன்ற இரட்டை இயந்திர விமானங்களில் இறக்கை கீழே இருக்கிறது. தொட்டியும் இயந்திரமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும், அல்லது தொட்டி சற்றுத் தாழ்ந்திருக்கும். ஈர்ப்பு விசையை நம்பி உட்கார முடியாது. பம்ப் வேண்டும்.

ஆகவே ஒவ்வோர் இயந்திரத்தின் மீதும் ஒரு பம்ப் பொருத்தப்பட்டிருக்கிறது. இயந்திரம் சுழலும்போது அதன் விசையிலேயே இந்தப் பம்பும் இயங்கும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. மின்கலம் செத்துப் போனாலும், மின்னாக்கி பழுதானாலும், இயந்திரம் சுற்றும்வரை இந்தப் பம்ப் வேலை செய்யும். இதுதான் முதன்மைப் பம்ப்.

இத்தனை நம்பகமான பம்ப் இருக்கும்போது, இன்னொரு மின்சாரப் பம்ப் எதற்கு? அந்த இரண்டாவது பம்பைத்தான் 'துணைப் பம்ப்' என்கிறார்கள்.

உறிஞ்சுகிறோமா, தள்ளப்படுகிறதா?

ஒட்டுக்கடையில் தே ஓ ஐஸ் வாங்கி உறிஞ்சுகுழாயில் குடிக்கிறீர்கள். தேநீரை நீங்கள் மேலே இழுப்பதாகத் தோன்றும். உண்மையில் நீங்கள் செய்வது ஒன்றுதான்: வாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறீர்கள். தேநீரை மேலே ஏற்றுவது குவளையின் மேல் அழுத்தும் காற்று. கடல் மட்டத்தில் அந்தக் காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல்.

இயந்திரப் பம்பும் இதையேதான் செய்கிறது. தன் வாய்ப்பகுதியில் அழுத்தத்தைக் குறைக்கிறது. இறக்கைத் தொட்டியில் வெளிக்காற்று நுழைய ஒரு துளை உண்டு. அந்தக் காற்று பெட்ரோலைக் குழாய் வழியாகத் தள்ளி அனுப்புகிறது. பம்ப் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு கிலோபாஸ்கல் கூட அதனால் 'இழுக்க' முடியாது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. திரவம் தன் ஆவியழுத்தத்துக்குக் கீழே போனால் கொதிக்கத் தொடங்கும். நம் கினபாலு மலை உச்சி 4,095 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 விழுக்காடுதான். அதனால் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காமல் 86, 87 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பெட்ரோல் தண்ணீரைவிட எளிதில் ஆவியாகக் கூடியது. அவ்காஸ் எரிபொருளின் ஆவியழுத்தம் 38 டிகிரி செல்சியஸில் 38 முதல் 49 கிலோபாஸ்கல் வரை இருக்க வேண்டும் என்று தரநிர்ணயம் வரையறுத்திருக்கிறது. நாம் 45 என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம்.

குழாயின் உயரம், வளைவுகள், வடிகட்டி எல்லாம் சேர்ந்து ஒரு மீட்டர் உயரத்துக்குச் சமமான தடை என்றும் வைத்துக்கொள்வோம். அவ்காஸின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 720 கிலோகிராம். அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × உயரம் என்ற சூத்திரத்தில் போட்டால், 720 × 9.8 × 1. கிட்டத்தட்ட 7 கிலோபாஸ்கல்.

இப்போது, கொதிக்காமல் இருக்க மிச்சமுள்ள அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்போம். வெயிலில் நின்ற விமானம் வேகமாக மேலே ஏறுகிறது, தொட்டியில் உள்ள பெட்ரோல் இன்னும் 38 டிகிரியில்தான் இருக்கிறது என்பது நம் நிபந்தனை.

கடல் மட்டத்தில்: 101 − 45 − 7 = 49 கிலோபாஸ்கல். தாராளம்.

10,000 அடியில் காற்றழுத்தம் சுமார் 70: 70 − 45 − 7 = 18 கிலோபாஸ்கல். பரவாயில்லை.

18,000 அடியில் காற்றழுத்தம் சுமார் 50: 50 − 45 − 7 = −2 கிலோபாஸ்கல்.

கடைசி விடையில் கழித்தல் குறி வந்துவிட்டது. அதன் பொருள், பெட்ரோல் பம்பின் வாயை அடையும் முன்பே குழாய்க்குள் கொதிக்கும் என்பது. குழாயில் திரவத்துக்குப் பதிலாக ஆவிக்குமிழிகள் நிற்கும். பம்ப் திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. ஆவியைப் பிடித்தால் அது அமுங்கும், விரியும், நகராது. இதற்கு 'ஆவி அடைப்பு' என்று பெயர். விமானி அறையில் எரிபொருள் அளவுமானியின் முள் நடுங்கும், இயந்திரம் விட்டு விட்டு உறுமும். கவனிக்காவிட்டால் நின்றும் போகலாம்.

நீண்ட நேரம் பறந்தால் பெட்ரோல் குளிர்ந்து ஆவியழுத்தம் குறைந்துவிடும். ஆபத்து, சூடான பெட்ரோலுடன் விரைவாக ஏறும்போதுதான் அதிகம். அதனால்தான் சிறிய விமானங்களுக்கான அமெரிக்க விதிமுறைகள் பல ஆண்டுகளாக ஒரு சோதனையைக் கேட்டு வந்தன: 43 டிகிரி செல்சியஸ் சூடாக்கிய எரிபொருளோடு விமானத்தை இயக்கிக் காட்ட வேண்டும், குழாயில் ஆவி அடைப்பு வரக்கூடாது. நம் நாட்டு வெயிலில் தார்த்தளத்தில் நாளெல்லாம் நிற்கும் விமானத்தை நினைத்துப் பார்த்தால் இந்த எண் மிகையானது என்று தோன்றாது.

இப்போது துணைப் பம்பைச் சேர்ப்போம். அது தொட்டிக்குள்ளேயோ தொட்டிக்கு அருகிலோ தாழ்வான இடத்தில் பொருத்தப்படுகிறது. குழாயின் தொடக்கத்தில் நின்று பெட்ரோலைத் தள்ளுகிறது. அது 20 கிலோபாஸ்கல் கூட்டித் தந்தால், 18,000 அடியில் −2 என்பது +18 ஆகிவிடும். அதாவது 10,000 அடியில் இருந்த அதே பாதுகாப்பு திரும்பக் கிடைக்கிறது.

உங்கள் வீட்டுக் காரிலும் இதே பாடம் இருக்கிறது. பழைய கார்களில் இயந்திரத்தின் மேல் இருந்த பம்ப் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்தது. கடும் வெயிலில் நெரிசலில் சிக்கினால் அந்தக் கார்கள் சில சமயம் நின்றுவிடும். இன்றைய பெட்ரோல் கார்களில் மின்சாரப் பம்ப் தொட்டிக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது. சாவியைத் திருப்பியதும், இயந்திரம் ஓடும் முன், பின் இருக்கைப் பக்கமிருந்து ஓரிரு வினாடிகள் மெல்லிய ரீங்காரம் கேட்டால், அது அந்தப் பம்ப்தான்.

துணைப் பம்பின் வேலைகள்

ஆவி அடைப்பைத் தடுப்பது ஒரு வேலை. இன்னும் மூன்று வேலைகள் உண்டு.

முதலாவது, இயந்திரத்தைத் தொடங்குவது. இயந்திரம் சுற்றினால்தான் முதன்மைப் பம்ப் சுற்றும். நிற்கும் இயந்திரத்துக்கு முதல் மடக்கு எரிபொருளைத் துணைப் பம்ப் ஊட்டுகிறது. சற்று முன் அணைத்த சூடான இயந்திரத்தில் இது இன்னும் முக்கியம். காற்றோட்டம் நின்றதும் மூடிக்குள் வெப்பம் கூடி, மெல்லிய குழாய்களில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். துணைப் பம்ப் அந்த ஆவியை விரட்டித் திரவத்தைக் கொண்டுவந்து நிறுத்தும்.

இரண்டாவது, முதன்மைப் பம்ப் பழுதானால் அதன் இடத்தில் நிற்பது. சில பம்புகளில் ரப்பர் சவ்வு ஒன்று மேலும் கீழும் அசைகிறது. அது கிழியலாம். வேறு சில பம்புகளில் சுழலும் தகடுகள் உள்ளன. பம்ப் இறுகிப் போனால் அதன் தண்டு முறியும்படியே வேண்டுமென்று மெல்லியதாகச் செய்திருப்பார்கள். பம்பைக் காப்பாற்ற இயந்திரத்தைப் பலி கொடுக்கக் கூடாது அல்லவா? முதன்மைப் பம்ப் நின்றாலும் அதைத் தாண்டி எரிபொருள் செல்ல ஒரு மாற்று வழி அதற்குள் உண்டு. துணைப் பம்பு தள்ளும் பெட்ரோல் அந்த வழியாக இயந்திரத்தை அடையும்.

மூன்றாவது, தொட்டி மாற்றும்போது. ஓர் இயந்திரம் நின்றுவிட்டால், அந்தப் பக்கத்து இறக்கையின் எரிபொருளை மறுபக்கத்து இயந்திரத்துக்குத் திருப்பிவிட ஒரு குறுக்கு வழி உண்டு. குழாய் மாறும் அந்தச் சில வினாடிகளில் அழுத்தம் தளர்ந்து போகாமல் துணைப் பம்ப் தாங்கிப் பிடிக்கும்.

எழும்பும் நேரம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. இரட்டை இயந்திர விமானத்தில் ஒன்று நின்றால் பாதி சக்தி போகிறது. ஆனால் மேலே ஏறும் திறன் பாதியாவதில்லை; 80 விழுக்காடோ அதற்கு மேலோ போய்விடுகிறது. ஏனென்றால் இருந்த சக்தியில் பெரும்பகுதி விமானம் மட்டமாகப் பறப்பதற்கே செலவாகிறது. ஏறுவதற்குப் பயன்படுவது மிச்சம் மட்டும்தான். மாதச் சம்பளம் பாதியானால் சேமிப்பும் பாதியாவதில்லை, கிட்டத்தட்ட முழுவதும் காணாமல் போகிறது என்பதைப் போல. அதோடு ஓடும் இயந்திரம் ஒரு பக்கம் மட்டும் இழுப்பதால் விமானம் திரும்பப் பார்க்கும். தரைக்கு அருகில், வேகம் குறைவாக இருக்கும்போது இதைச் சமாளிக்க விமானிக்குச் சில வினாடிகளே உண்டு. அந்த நேரத்தில் ஒரு பம்பின் பழுது இயந்திரத்தை நிறுத்திவிடாமல் இருக்க, செமினோல் போன்ற விமானங்களில் துணைப் பம்புகளைப் போட்டுக்கொண்டே எழும்புகிறார்கள்.

ஒவ்வொன்றாக அணைப்பது ஏன்?

பாதுகாப்பான உயரத்துக்கு வந்ததும் துணைப் பம்புகளை அணைக்க வேண்டும். இங்கே விமானிகளுக்கு ஒரு பழக்கம் சொல்லித் தரப்படுகிறது: இரண்டையும் ஒன்றாக அணைக்காதே. ஒன்றை அணை, அளவுமானியைப் பார், பிறகு அடுத்ததை அணை.

காரணம் எளிது. துணைப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தபோது, முதன்மைப் பம்ப் பழுதாகியிருந்தால் கூட நமக்குத் தெரிந்திருக்காது. துணைப் பம்ப் அந்தக் குறையை மூடி மறைத்திருக்கும். அதை அணைக்கும் கணத்தில்தான் உண்மை வெளிப்படும். இரண்டையும் ஒன்றாக அணைத்த பிறகு இயந்திரம் தடுமாறினால், எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கும். ஒவ்வொன்றாக அணைத்தால், எந்தச் சுவிட்சில் இப்போது விரல் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பழுது. உடனே திரும்பப் போட்டுவிடலாம்.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படித்தவர்களுக்கு இது பழகிய பாடம். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வைத்திரு என்று எழுதி எழுதிப் பழகியிருக்கிறீர்கள். சுவிட்ச் இங்கே தற்சார்பு மாறி. அழுத்த அளவுமானியின் முள் சார்பு மாறி. மற்ற எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். தேர்வுத்தாளில் இரண்டு புள்ளிகளுக்காக எழுதும் அதே விதியை, விமானி ஒவ்வொரு பயணத்திலும் ஆகாயத்தில் செய்து பார்க்கிறார்.

எப்போதும் போட்டே வைத்தால் என்ன?

வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. துணைப் பம்ப் நல்லதுதானே, ஏன் அணைக்க வேண்டும்?

பைப்பர் செனிக்கா விமானத்தின் கதை இதற்கு நல்ல விடை. 1970-களின் தொடக்கத்தில் வந்த முதல் செனிக்காவில் லைகோமிங் நிறுவனத்தின் இயந்திரங்கள் இருந்தன. சில ஆண்டுகளில் வந்த செனிக்கா இரண்டில் கான்டினென்டல் நிறுவனத்தின் டர்போ இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. பெயர் ஒன்று, தோற்றமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் முதல் செனிக்காவில் துணைப் பம்புகளைப் போட்டுக்கொண்டு எழும்ப வேண்டும். செனிக்கா இரண்டில் வழக்கமான நிலையில் அவற்றை அணைத்துவிட்டு எழும்ப வேண்டும்.

வேறுபாடு, எரிபொருளை அளந்து கொடுக்கும் முறையில் இருக்கிறது. கார்புரேட்டர் உள்ள இயந்திரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்குள் ஒரு சிறிய கிண்ணமும் மிதவையும் உண்டு. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தைப் போல, கிண்ணம் நிறைந்ததும் மிதவை உயர்ந்து வழியை அடைத்துவிடும். முதல் செனிக்காவில் கார்புரேட்டர் இல்லை. எரிபொருளைத் தெளிக்கும் கருவி உண்டு. அந்தக் கருவி உள்ளே நுழையும் காற்றின் அளவைப் பார்த்து, அதற்கேற்ற எரிபொருளை மட்டும் விடும். இரண்டு முறைகளிலும், வாசலில் பம்ப் சற்றுக் கூடுதலாகத் தள்ளினாலும் உள்ளே போகும் அளவு மாறாது.

கான்டினென்டலின் முறை வேறு. அங்கே இயந்திரப் பம்பே அளவுகோல். இயந்திரம் வேகமாகச் சுற்றினால் பம்பின் அழுத்தம் கூடும், எரிபொருளும் கூடும். அழுத்தமே அளவைத் தீர்மானிக்கிறது. இதில் துணைப் பம்பும் சேர்ந்து முழு பலத்தோடு தள்ளினால், தேவைக்கு மேல் பெட்ரோல் உள்ளே கொட்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 15 கிலோ காற்று தேவை. காற்று அப்படியே இருக்க, பெட்ரோல் மட்டும் கூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கலவை தீப்பற்றவே மறுக்கும். எரிபொருள் இல்லாமல் இயந்திரம் நிற்பதைப் போல, எரிபொருள் மிகையாலும் நிற்கும்.

அதனால் இத்தகைய விமானங்களில் துணைப் பம்புக்கு இரண்டு வேகங்கள் உண்டு. குறைந்த வேகம், ஆவிக்குமிழிகளை அடக்குவதற்கு. உயர்ந்த வேகம், முதன்மைப் பம்ப் செத்துவிட்டால் மட்டும். செனிக்கா இரண்டில் உயர்ந்த வேகத்துக்கான பக்கத்தை விரல் தவறி அழுத்திவிட முடியாது. அருகில் உள்ள ஒரு தடுப்பை முதலில் விடுவிக்க வேண்டும். பொறியாளர்கள் அந்தச் சிறு தடுப்பின் வழியாக விமானியிடம், 'உறுதியாகத்தானா?' என்று கேட்கிறார்கள்.

செஸ்னா 310 விமானத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. அதன் முதன்மைத் தொட்டிகள் இறக்கையின் நுனியில் இருக்கின்றன. இயந்திரப் பம்ப் தேவைக்கு மேல் எடுத்த எரிபொருளும் ஆவியும், எந்தத் தொட்டியிலிருந்து எடுத்திருந்தாலும், அந்த நுனித் தொட்டிக்கே திரும்பிப் போகும். ஆகவே விமானி முதலில் நுனித் தொட்டியிலிருந்து எரித்து இடம் உண்டாக்க வேண்டும். நிறைந்த தொட்டியை அப்படியே விட்டுவிட்டு வேறு தொட்டிக்கு மாறினால், திரும்பி வரும் பெட்ரோல் காற்றுத்துளை வழியாக வெளியே சிந்திப்போகும்.

ஒரு விமானத்தில் கற்றதை அடுத்ததில் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டியதில்லை.

கிளாஸ்கோவில் ஓர் இரவு

பம்புச் சுவிட்சுகள் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகம் 2013-ஆம் ஆண்டில் பார்த்தது. இறக்கை உள்ள விமானத்தில் அல்ல, இரண்டு இயந்திரங்கள் கொண்ட ஒரு சிறிய ஹெலிகாப்டரில்.

நவம்பர் 29, வெள்ளிக்கிழமை இரவு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் காவல்துறை பயன்படுத்திய இசி135 வகை ஹெலிகாப்டர் ஒன்று பணி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தது. தளத்தை அடைவதற்குள் இரண்டு இயந்திரங்களும் அடுத்தடுத்து நின்றன. அது கிளைட் நதிக்கரையில் இருந்த 'கிளத்தா' என்ற மதுக்கூடத்தின் கூரைமேல் விழுந்தது. உள்ளே மக்கள் இசை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெலிகாப்டரில் இருந்த மூவரும் கட்டடத்தில் இருந்த எழுவருமாகப் பத்துப் பேர் உயிரிழந்தார்கள்.

இரண்டு இயந்திரங்களும் நின்றதற்குக் காரணம் எரிபொருள் கிடைக்காதது. ஆனால் ஹெலிகாப்டரில் எரிபொருள் இருந்தது. விசாரணையாளர்கள் அதன் பெரிய தொட்டியிலிருந்து சுமார் 95 லிட்டர் எடுத்தார்கள். அதன் நிறை 76 கிலோகிராம். நிறையைக் கன அளவால் வகுத்துப் பாருங்கள், ஒரு லிட்டருக்கு 0.8 கிலோகிராம் வரும். மண்ணெண்ணெய் வகை எரிபொருளின் அடர்த்தி அதுதான். இந்த எரிபொருளுக்கு ஆவியழுத்தம் மிகக் குறைவு, ஆகவே இங்கே ஆவி அடைப்பு பற்றிய பேச்சே இல்லை.

சிக்கல் எங்கே? இந்த ஹெலிகாப்டரின் இயந்திரங்கள் பெரிய தொட்டியிலிருந்து நேராக எரிபொருள் எடுப்பதில்லை. பெரிய தொட்டியில் உள்ள இரண்டு மாற்றுப் பம்புகள் எரிபொருளை இரண்டு சிறிய தொட்டிகளுக்குத் தள்ளும். சிறிய தொட்டி ஒவ்வொன்றும் ஓர் இயந்திரத்துக்கு ஊட்டும். சிறிய தொட்டிகளில், இயந்திரத்தைத் தொடங்கும்போது பயன்படும் வேறு இரண்டு பம்புகள் உண்டு. ஆக மொத்தம் நான்கு பம்புகள், நான்கு சுவிட்சுகள்.

இடிபாடுகளை ஆராய்ந்தபோது, மாற்றுப் பம்புகள் இரண்டின் சுவிட்சுகளும் அணைந்த நிலையில் இருந்தன. தொடங்கும் பம்புகள் இரண்டின் சுவிட்சுகளும் போட்ட நிலையில் இருந்தன. பெரிய தொட்டியில் 76 கிலோகிராம் இருந்தும் அது சிறிய தொட்டிகளுக்குப் போகவில்லை. சிறிய தொட்டிகள் வற்றின. ஓர் இயந்திரம் நின்று சுமார் அரை நிமிடத்தில் மற்றதும் நின்றது.

பிரிட்டனின் வானூர்தி விபத்து விசாரணைப் பிரிவு 2015 அக்டோபரில் தன் அறிக்கையை வெளியிட்டது. குறைந்த எரிபொருள் எச்சரிக்கை ஐந்து முறை ஒலித்து, ஐந்து முறையும் ஏற்கப்பட்டதாக அது கூறுகிறது. அத்தகைய எச்சரிக்கை வந்தால் 10 நிமிடங்களுக்குள் தரையிறங்க வேண்டும் என்பது கையேட்டின் விதி. பணி தொடர்ந்தது ஏன், சுவிட்சுகள் அந்த நிலையில் இருந்தது ஏன் என்பதை அறிக்கையால் உறுதிப்படுத்த முடியவில்லை. அந்த ஹெலிகாப்டரில் 'கறுப்புப் பெட்டி' இல்லை. அதை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது இல்லை. கருவிகளின் நினைவகத்தில் எஞ்சியிருந்த தரவுகளைச் சேர்த்துத்தான் விசாரணையாளர்கள் இவ்வளவையும் கண்டறிந்தார்கள். இத்தகைய ஹெலிகாப்டர்களிலும் பதிவுக் கருவி வேண்டும் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள்.

அந்த இரவில் இறந்தவர்கள் யாரும் நமக்கு வெறும் எடுத்துக்காட்டு அல்லர். ஆகவே யார் தவறு என்று தூரத்தில் இருந்து விரல் நீட்டுவது நம் வேலையும் அல்ல. எரிபொருள் 'இருப்பது' வேறு, அது இயந்திரத்தை 'அடைவது' வேறு என்பதை நாம் மறக்காமல் இருந்தால் போதும்.

இரண்டு என்றால் இரு மடங்கு பாதுகாப்பா?

கணிதத்தில் சார்பிலா நிகழ்வுகளைப் படித்திருப்பீர்கள். ஒரு கணக்குக்காக, ஒரு பம்ப் 1,000 பயணங்களில் ஒரு முறை பழுதாகும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பம்புகள் இருந்தால் இரண்டும் ஒரே பயணத்தில் பழுதாக வாய்ப்பு 1,000 × 1,000, அதாவது பத்து லட்சத்தில் ஒன்று. கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் பெருக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்றின் பழுது மற்றதைப் பாதிக்கக் கூடாது. இரண்டு பம்புகளும் மின்சாரத்தில் ஓடினால், ஒரே மின்கோளாறு இரண்டையும் நிறுத்திவிடும். அப்போது பெருக்கல் செல்லாது. அதனால்தான் ஒன்று இயந்திர விசையிலும் மற்றது மின்சாரத்திலும் ஓடும்படி செய்திருக்கிறார்கள். அதனால்தான் இரட்டை இயந்திர விமானத்தில் ஒவ்வோர் இயந்திரமும் வழக்கமாகத் தன் பக்கத்து இறக்கையிலிருந்து எரிபொருள் எடுக்கிறது. இசி135-இன் சிறிய தொட்டிகள் கூட ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரியது. எரிபொருள் தீர்ந்தாலும் இரண்டு இயந்திரங்களும் ஒரே கணத்தில் நிற்கக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

எத்தனை ஏற்பாடு செய்தாலும், எல்லாச் சுவிட்சுகளையும் தொடும் கை ஒன்றுதான். இரண்டு இயந்திரங்களுக்கும் பொதுவான அந்தக் கைக்காகத்தான் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. சிலேத்தாரிலோ சுபாங்கிலோ சிறிய விமானம் ஒன்று ஓடுபாதை ஓரத்தில் சற்று நேரம் நிற்பதைப் பார்த்தால், உள்ளே ஒருவர் பட்டியலை வரிக்கு வரி படித்து ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆயிரம் முறை செய்தவரும் படித்துத்தான் செய்வார்.

செய்து பாருங்கள்

ஊசி இல்லாத 20 மில்லிலிட்டர் பீச்சுக்குழல் ஒன்றை எடுங்கள். ஆசிரியர் முன்னிலையில், 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூடான தண்ணீரைக் கால்வாசி நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். முனையை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டுத் தண்டைப் பின்னால் இழுங்கள். அடுப்பு இல்லாமலே தண்ணீர் குமிழி விட்டுக் கொதிக்கும். கையை விட்டதும் கொதிப்பு அடங்கும். 18,000 அடியில் எரிபொருள் குழாய்க்குள் நடப்பது இதுதான். சூடான தண்ணீர் என்பதால் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். பெட்ரோலை வைத்து இதை ஒருபோதும் செய்யக் கூடாது.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. கினபாலு உச்சியின் உயரத்தில் காற்றழுத்தம் 61 கிலோபாஸ்கல் எனக் கொண்டு, மேலே உள்ள கணக்கைத் திரும்பச் செய்யுங்கள். துணைப் பம்ப் இல்லாமல் எவ்வளவு அழுத்தம் மிஞ்சுகிறது?

2. தொட்டி இயந்திரத்தைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து, குழாயின் உராய்வை விட்டுவிட்டால், 7 கிலோபாஸ்கலைக் கழிப்பீர்களா, கூட்டுவீர்களா? 18,000 அடியில் விடை என்ன?

3. ஒரு விமானி எழும்பிய பிறகு வலது துணைப் பம்பை அணைக்கிறார். வலது அழுத்தமானியின் முள் சரிகிறது. அவர் முதலில் செய்ய வேண்டியது என்ன? இடது பம்பை அவர் இன்னும் தொடாமல் இருந்தது எப்படி உதவியது?

மூன்றாவது கேள்விக்கான விடையை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதி அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். காரணத்தோடு எழுதுங்கள்; 'கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது' என்பது பாதி விடைதான்.